கவர்னரின் கருணையும் கட்சிக்காரர்களும்

2000-ஆம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை என்ற செய்தி பரவியது. தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில், கோவை விவசாயப் பல்கலைக்கழக மாணவிகளை ஏற்றிவந்த பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். மூன்று பெண்கள் கருகி மாண்டனர். ஓசூர், கிருஷ்ணகிரி மக்களுக்கு இது அயலூர்ச் செய்தியல்ல. கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது 2004-ல்தான். அன்று அவர்களும் தருமபுரி ஜில்லாவாசிகளே.

அ.தி.மு.க.வினர் மூவருக்கு 2007-ல் சேலம் கோர்ட்டு தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டும், 2010-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தன. 2016-ல் மறுசீராய்வின்போது, கும்பல் வெறியில் நேர்ந்த குற்றம், முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்று கூறி, தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது.

அதோடு முடியவில்லை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டுப் பத்தாண்டு சிறையிலிருந்த ஆயுள் கைதிகளை விடுவிக்க, 2018-ல் அ.தி.மு.க. சர்க்கார் முடிவு செய்தது. இந்த மூவரின் பெயரும் பட்டியலில் வந்தது. கவர்னர் பன்வாரிலால் புரோகித் முதலில் கோப்பைத் திருப்பி அனுப்பினார். சர்க்கார் மீண்டும் சிபாரிசு செய்யவே ஒப்புக்கொண்டார். நவம்பர் 19-ந் தேதி வேலூர்ச் சிறையிலிருந்து மூவரும் வெளியே வந்தனர்.

ஜனாதிபதிக்கு 72-வது ஷரத்தும், கவர்னருக்கு 161-வது ஷரத்தும் மன்னிக்கும் அதிகாரம் அளிக்கின்றன. மந்திரிசபை சொற்படியே அதைச் செலுத்தவேண்டும். சிக்கலே அங்குதான்! ஆளுங்கட்சியார் தம் தொண்டனுக்கே சிபாரிசு செய்தால் அது கருணையா, கைம்மாறா? ஆந்திரத்தில் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஒருவரின் கணவருக்குக் கிடைத்த தண்டனைக் குறைப்பை, 2006-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. அரசியல் விசுவாசம் மன்னிப்புக்குக் காரணமாகாது என்றது. அமெரிக்காவில் இத்தகைய தடை இல்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் பதவியேற்ற அன்றே, பார்லிமெண்டு கட்டிடத் தாக்குதல் வழக்கில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு மன்னிப்பு வழங்கினார்.

தருமபுரிக் கைதிகள் பத்தாண்டுக்கு மேல் சிறையிலிருந்தவர்கள், மற்றக் கைதிகளுக்குள்ள சலுகை அவர்களுக்கும் உண்டு என்ற வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால், ராஜீவ் கொலை வழக்குக் கைதிகள் ஏழு பேரை விடுவிக்கலாம் என்று அதே மந்திரிசபை அதே ஆண்டு செப்டம்பரில் சிபாரிசு செய்ததே! அந்தக் கோப்பு ராஜ்பவனில் கிடந்தது. கடைசியில் 2022-ல் சுப்ரீம் கோர்ட்டுதான் அவர்களை விடுவித்தது.