விறாந்தைக்கு ஏறக் கூடாத மெஷின்

ஈச்சிலம்பற்றில் மாரி தொடங்கினால் இரண்டு கவலை. ஒன்று வெருகல் ஆறு. மகாவலியின் கிளை என்பதால் மலைநாட்டு மழைக்கும் இங்கேதான் கணக்குக் கொடுக்க வேண்டும். மற்றது கரண்ட். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கு வடக்கே கரையேறிய புரேவி போல ஒரு சூறாவளி வரவேண்டும் என்றில்லை. ஒரு தென்னை மட்டை லைனில் விழுந்தாலே ஊர் இருண்டுவிடும். அந்த நேரத்தில்தான் மூலையில் கிடக்கும் ஜெனரேற்றருக்கு மரியாதை வரும்.

உள்ளே பெரிய வித்தை ஒன்றுமில்லை. பெற்றோல் எஞ்சின் காந்தத்தைச் சுழற்றுகிறது, பக்கத்துக் கம்பிச்சுருளில் மின் பிறக்கிறது. சாதாரண மெஷின் நிமிடத்துக்கு 3000 சுற்று, அதாவது செக்கனுக்கு 50. நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் அதுதான். தண்ணி மோட்டரைப் போட்டதும் எஞ்சின் முனகி, பல்ப் மங்குகிறதே, ஏன்? ஓடும்போது ஆயிரம் வாற் எடுக்கும் மோட்டர், கிளம்பும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். எனவே முதலில் மோட்டர், பிறகு மற்றவை.

எல்லோரும் குறைசொல்வது சத்தத்தைத்தான். ஆளைக் கொல்வதோ சத்தமில்லாதது. புகையில் வரும் காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலையிடி, பிறகு ஓங்காளம், தலைச்சுற்று. மழைக்குளிர் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு படுப்பவர் எழும்புவதில்லை. 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானாவை லோரா சூறாவளி தாக்கியபோது, காற்றுக்குத் தப்பிய பலர் இருண்ட வீடுகளில் இந்தப் புகையால் இறந்தார்கள்.

ஏன் உள்ளே வைக்கிறீர்கள் என்று கேட்டால், நனையும், களவு போகும் என்பார்கள். இரண்டும் நியாயமான பயம்தான். அதற்கு விறாந்தை பதிலல்ல. ஜன்னலைத் திறந்து வைப்பதும் போதாது. வீட்டிலிருந்து இருபது அடிக்கு அப்பால் மேட்டு நிலத்தில் நாலு கம்பு நட்டு, உயரத்தில் ஒரு தகரம் போடுங்கள். நாலு பக்கமும் திறந்தே கிடக்கட்டும். புகைக்குழாய் வீட்டுக்கு முதுகைக் காட்டட்டும். களவுப் பயமென்றால் சங்கிலி போட்டுப் பனையோடு பூட்டலாம். பெற்றோல் ஊற்றுவதென்றால் நிறுத்தி, சூடு ஆறிய பிறகு. கொதிக்கும் சைலன்சரில் நாலு துளி சிந்தினாலே பற்றிக்கொள்ளும்.

இன்னொரு பழக்கம் இருக்கிறது, அதை எழுதவே பயமாக இருக்கிறது. வயரின் இரு முனையிலும் பிளக் மாட்டி, ஒன்றை ஜெனரேற்றரிலும் மற்றதைச் சுவரிலும் குத்துவது. சுவரிலிருந்து கழன்ற பிளக்கின் பித்தளைக் கால்களில் 230 வோல்ற் வெறுமனே நிற்கும். மெயின் சுவிச் போட்டபடி இருந்தால் மின் வீட்டோடு நிற்காது. தெருவுக்குப் போய் ட்ரான்ஸ்போர்மரைப் பின்பக்கமாகத் தொடும். 33,000 வோல்ற்றை இறக்கித் தரும் அந்தப் பெட்டி, தலைகீழாக ஏற்றியும் தரும். அறுந்த கம்பியைக் கட்ட மழைக்குள் கம்பத்தில் ஏறியிருக்கும் மின்சார சபை ஊழியருக்கு, லைன் செத்துக் கிடக்கிறது என்றே நினைப்பு. இதற்கென்றே சேஞ்ச் ஓவர் சுவிச் இருக்கிறது: வெளி லைனை வெட்டாமல் ஜெனரேற்றரை வீட்டோடு சேர்க்காது. அதைப் பூட்ட வசதியில்லாதவர் ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, இரண்டு பல்ப்பையும் பிரிட்ஜையும் நேரே அதில் மாட்டினால் போதும்.