ஊரிலிருந்து வரும் உறவுகளும் நானூறு மைல் பயணமும்

பாடசாலைகள் யூலை இறுதியில் மூடப்பட்டுச் செப்டெம்பர் தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்படும்வரை, இலண்டன்வாழ் எம்மவர் இல்லங்கள் பலவற்றில் ஓர் அறை விருந்தினருக்கென ஒதுக்கப்படுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து தாயார், ரொறன்ரோவிலிருந்து தமக்கையின் குடும்பம், பாரிசிலிருந்து மைத்துனர் என உறவுகள் வந்திறங்கும் காலம் இது. நாட்டைவிட்டு வெளியேறியபின் அங்கு திரும்பிச் செல்ல இயலாத ஒருவர் பெற்றதாயை மீண்டும் காண்பதற்குள்ள வழி, அத்தாய் இங்கு வருவதொன்றே. விசா விண்ணப்பம் ஒருமுறை இருமுறை மறுக்கப்பட்டுப் பின்னர் கிடைத்த வருகையாகவும் அது இருக்கலாம். அதனாற்றான் போலும், கிடைத்த சில வாரங்களுக்குள் பிரித்தானியா முழுவதையும் காட்டிவிடவேண்டும் என்ற அவதி எம்மவரைப் பற்றிக்கொள்கின்றது.

இந்த அவதியிற் பிறக்கும் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. திங்கள் ஸ்ரோன்ஹெஞ்சும் பாத் நகரும், செவ்வாய் ஏரி மாவட்டம், புதன் எடின்பரோ, வெள்ளி இலண்டன், சனி அதிகாலை பாரிஸ். ஒரு வானில் ஒன்பது பேர், அவர்களுள் இருவர் எழுபதைத் தாண்டியவர்கள், ஒன்று கைக்குழந்தை. வரைபடத்தில் பிரித்தானியா கையளவாகத் தெரிவதே இவ்வளவுக்கும் காரணம்.

எடின்பரோ எவ்வளவு தூரம் என்று தாயார் கேட்கும்போது, “நானூறு” என்று மகன் விடைசொல்கின்றார். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பும் ஏறத்தாழ நானூறுதானே என்று தாயார் மனந்தேறுகின்றார். தாயார் எண்ணியது கிலோமீற்றர். மகன் சொன்னது மைல். அது 640 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 மைல் ஓடலாம் என்பதால் ஆறு மணித்தியாலத்திற் சென்றுவிடலாம் எனக் கணக்கிடுவோரும் உளர். எழுபது என்பது சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம். முதியோரும் பிள்ளைகளும் உள்ள வாகனத்துக்குத் தரிப்புகளை விடுத்து மணிக்கு 45 மைல் என்று கணக்கிடுவதே எமது அநுபவத்திற் பொருந்திவருவது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கால்மணி நேரமாவது ஓய்வெடுக்குமாறு இந்நாட்டின் வீதி விதிக்கோவை சாரதிகளுக்கு அறிவுறுத்துகின்றது. நீரிழிவு உள்ள ஒருவர் பின்னாசனத்தில் இருந்தால் அந்த இரண்டு மணித்தியாலமும் நீண்டதே. மலசலகூடம் செல்லவேண்டும் என்று மருமகனிடம் சொல்லக் கூச்சப்பட்டு, காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வரும் தாய்மாரை நாம் அறிவோம். அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் வண்டியை நிறுத்துவது சாரதியின் கடமை.

நேர வேறுபாட்டையும் மறக்கலாகாது. கோடையில் இலங்கை எமக்கு நாலரை மணித்தியாலம் முந்தியது. இங்கு மாலை நாலரை என்றால் யாழ்ப்பாணத்தில் இரவு ஒன்பது. வந்த முதல் வாரத்தில் தாயார் விடியுமுன்னரே விழித்து அடுக்களையில் அமர்ந்திருப்பதும், மாலையில் சோபாவிற் கண்ணயர்வதும் முதுமையின் தளர்ச்சியன்று. உடல் இன்னும் ஊரிலேயே இருக்கின்றது. ஆகவே முதலைந்து நாட்களும் காலை ஏழுக்குப் புறப்பட்டு நான்கு மணிக்குள் வீடு திரும்பக்கூடிய இடங்களே உகந்தவை. தொண்ணூறு மைலுக்குட்பட்ட ஸ்ரோன்ஹெஞ் அத்தகையது. பார்வையாளர் நிலையத்துக்கும் கற்களுக்கும் இடையிலுள்ள தூரத்துக்குப் பேருந்து உண்டு, முதியோர் நடக்கவேண்டியதில்லை.

நீண்ட பயணம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்போருக்கு எடின்பரோவை விட வேல்ஸை நாம் பரிந்துரைப்போம். கார்மார்தன் நகருக்கு வடக்கேயுள்ள பள்ளத்தாக்கில், இலங்கையிற் பிறந்த குரு சுப்பிரமணியம் அவர்கள் 1973இல் நிறுவிய ஸ்கந்தவேல் ஆச்சிரமத்தை எம்மவரில் அறியாதார் சிலரே. 2007இல் சம்போ என்ற காளையைக் காசநோய்ச் சட்டத்தின்கீழ் அரசு கொல்ல முற்பட்டபோது உலகச் செய்திகளில் அடிபட்ட இடம் அதுவே. முருகன் சந்நிதியில் வெள்ளைக்காரத் துறவிகள் பூசை செய்வதைக் காணும் ஊர்த்தாயார், கோபுரங்கள் பல கண்டவராயினும், சற்றுநேரம் வாயடைத்து நிற்பார்.

இலண்டனிலிருந்து அது ஏறத்தாழ 220 மைல். அதிகாலை மூன்று மணிக்குப் புறப்பட்டு, மதியப் பூசை கண்டு, அன்றிரவே வீடு திரும்பும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. இளைஞர்க்கு அது இயலும். இரவு வேலை முடித்துவந்த சாரதிக்கு அது உயிராபத்து. மூன்று நாட்களாகப் பிரித்தால் அதே பயணம் வேறாகிவிடும். முதல்நாள் காலை ஒன்பதரைக்குப் பின் புறப்படலாம். ஈஸ்ற்ஹாம் பகுதியிலிருப்போருக்கு எம்-4 நெடுஞ்சாலையை அடையவே ஒரு மணித்தியாலத்துக்கு மேற் செல்லும். ஹரோ, வெம்பிளி வாசிகள் இதிற் பாக்கியசாலிகள். லீ டெலமியர் தரிப்பிடத்தில் மதிய உணவு. நெடுஞ்சாலைத் தரிப்பிடங்களில் இரண்டு மணித்தியாலம்வரையே இலவசமாக நிறுத்தலாம். அதன்பின் கமரா கணக்கெடுத்துத் தண்டச்சீட்டு வீடுதேடி வரும். அப்பால் செவர்ன் ஆற்றுப் பாலம். முன்னர் அதனைக் கடக்கக் கட்டணம் இருந்தது. 2018 டிசெம்பர் முதல் இல்லை. வேல்ஸில் 2023 செப்டெம்பரின் பின் ஊர்மனைத் தெருக்கள் பெரும்பாலானவற்றில் வேக எல்லை 20 மைல் என்பதைச் சாரதி நினைவிலிருத்துக.

அன்றிரவு சுவான்சியிலோ கார்மார்தனிலோ தங்கி, மறுநாட் காலை ஆறுதலாகக் கோவிலுக்குச் செல்லலாம். பூசை நேரங்களை முன்கூட்டியே விசாரிப்பது அவசியம். செல்லுமுன் சில நாட்கள் மச்சம், முட்டை, மது தவிர்க்குமாறு ஆச்சிரமத்தார் கேட்கின்றனர்; வழியிற் கொறிக்கக் கட்டிச்செல்லும் றோல்ஸும் மரக்கறியாகவே இருக்கட்டும். கோவிலுக்குக் கோவில் ஏற்ற இறக்கம் உண்டு. கைத்தடி உடனிருத்தல் நன்று. பிற்பகல் டென்பி கடற்கரை. கடலோரத்திற் பிறந்து வளர்ந்தவர்க்கு அங்கு வழிகாட்டி எவரும் வேண்டியதில்லை. மூன்றாம்நாள் வீடு.

வாகனத்தைப் பற்றிச் சில சொற்கள். 1997 சனவரி 1க்குப் பின்னர் கார் அனுமதிப்பத்திரம் பெற்றவர், பொதுவாகச் சாரதி தவிர எட்டு ஆசனங்களுக்கு மேற்பட்ட வாகனத்தை ஓட்ட உரிமையற்றவர். “மச்சான் நல்லாய் ஓட்டுவார்” என்பதைக் காப்புறுதி நிறுவனம் ஏற்காது. பன்னிரண்டு வயதோ 135 சென்றிமீற்றர் உயரமோ எது முந்துகின்றதோ அதுவரை பிள்ளைகளுக்குரிய ஆசனம் கட்டாயம். பாரிஸ் மைத்துனர் வலப்புறம் ஓடிப் பழகியவர். இவ்வகையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவரே மேல் என்றாலும், வாடகை வாகனப் பத்திரத்திற் பெயர் குறிக்கப்படாத எவரிடமும் திறப்பைக் கொடுக்கலாகாது. டாட்ஃபோர்ட் கடவையைக் கடந்தால் மறுநாள் நள்ளிரவுக்குள் இணையத்திற் கட்டணம் செலுத்தவேண்டும். அங்கு காசு வாங்க எவரும் நிற்பதில்லை.

இவற்றினும் பெரிதொன்று பத்திரங்கள். பிரித்தானிய விசாவுடன் வந்த தாயார் அதனைக்கொண்டு பாரிஸ் செல்ல இயலாது. அதற்கு ஷெங்கன் விசா வேண்டும். ஊரிலிருந்து புறப்படுமுன்பே அதனைப் பெற்றுவருவதே முறை. டோவர் துறைமுகத்தில், பிரித்தானிய மண்ணிலேயே, பிரெஞ்சு அதிகாரிகள் பத்திரம் பார்த்துத் திருப்பி அனுப்பும்போது வானிலுள்ள ஒன்பது பேரின் முகமும் வாடிவிடும். பெல்பாஸ்டிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் சாலையில் தடுப்பு எதுவும் இல்லை; ஆயினும் அயர்லாந்து வேறு நாடு, அதன் விசாச் சட்டமும் வேறு. கனடியக் கடவுச்சீட்டுடையோர் 2025 சனவரி முதலும், ஐரோப்பியக் கடவுச்சீட்டுடையோர் அவ்வாண்டு ஏப்ரல் முதலும், இங்கு வருமுன் இலத்திரனியல் அனுமதி பெறவேண்டும் என்பதையும் உறவுகளுக்கு அறிவித்தல் நலம்.

புகலிடக் கோரிக்கை முடிவாகாத வாசகர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. தாயாருக்குத் துணையாகவெனினும் நீங்கள் எல்லை கடக்கலாகாது. அனுமதியின்றி நாட்டைவிட்டு அகன்றால் கோரிக்கையைக் கைவிட்டதாகவே கொள்ளப்படும். அரசு வழங்கிய தங்குமிடத்தில் வாழ்வோர் பல இரவுகள் வெளியிற் தங்குவதும் உதவித்தொகையைப் பாதிக்கக்கூடும். கையொப்பமிடும் நாளைப் பார்த்து, சட்டத்தரணியிடம் ஒரு சொற் கேட்டபின்னரே தங்குவிடுதிக்குப் பணம் கட்டுங்கள். மற்றும், வருகை விசாவில் வந்தோர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் பெருங்கட்டணம் செலுத்த நேரும். பயணக் காப்புறுதி இன்றித் தாயாரை அழைப்பிப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது.

இத்தனையும் திட்டமிட்டபின், தாயார் எதைப் பார்க்க விரும்புகின்றார் என்று கேட்டோமா? கேட்டவர்கள் சிலர் எமக்குச் சொன்ன விடை ஒன்றேதான்: மகன் வேலைசெய்யும் இடம். அது பெற்றோல் நிலையமாகவோ, பொருட்களஞ்சியமாகவோ, முதியோர் இல்லமாகவோ இருக்கும். ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்க்கு அதனைக் காட்டக் கூச்சமாக உள்ளது; எனவே கடனட்டையில் எடின்பரோவைக் காட்டுகின்றார். தாயாருக்கோ, இரவில் மகன் எங்கே நிற்கின்றான், குளிருக்குக் கதவு உண்டா, பக்கத்திற் பேச ஒரு மனிதர் உண்டா என்பது தெரியவேண்டும். தெரிந்தாற்றான் ஊரிற் படுக்கும்போது கண்மூடும்.

அந்த ஒருநாளுக்கு வான் வேண்டியதில்லை. பேருந்தின் மேற்றட்டில் முன்னாசனம் கிடைத்தால் போதும். மாடிப்படி ஏறமுடியாவிடில் கீழ்த்தட்டு. 2014 யூலை முதல் இலண்டன் பேருந்துகளிற் காசு வாங்குவதில்லை. ஓர் அட்டையில் இருவர் செல்லவும் முடியாது; தாயாருக்கென ஓர் ஒயிஸ்டர் அட்டையை முதல்நாளே வாங்கிவையுங்கள்.