இடப்பக்கம் 77, வலப்பக்கம் 77

2014 ஜூலை 27, கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டி. வேலூர் சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அந்த 179-ஐப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். கம்பி 20 கிலோ. தட்டுகளை இறுக்கும் பூட்டுகள் இரண்டும் சேர்ந்து 5. மீதி 154. ஆக, பக்கத்துக்கு மூன்று சிவப்புத் தட்டு, தலா 25. அதோடு 2 கிலோவில் சின்னதாக ஒன்று. கூட்டினால் 77. தன் எடைப் பிரிவின் ஆள் ஒருவரை இடப்பக்கமும் இன்னொருவரை வலப்பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றிருக்கிறார் மனிதர்.

இதே போட்டியில் 1978-ல் எட்மண்டனில் ஏகாம்பரம் கருணாகரன் 52 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது மொத்தம் 205 கிலோ. பிரிவு எடையைப் போல 3.94 மடங்கு. சதீஷுடையது 4.26. இடையில் 36 வருஷம்.

சதீஷின் வரவைப் பேசுகிறவர்கள் செலவைத் தொடங்கிவைத்தவரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். அப்பா சிவலிங்கம் ராணுவத்தில் இருந்தவர். தேசிய அளவில் பளுதூக்கிப் பதக்கம் வென்றவர். மகன் மேடையேறிய காலத்தில் காவலாளி வேலை பார்த்தவர். காவலாளிச் சம்பளத்தில் ஒரு பளுதூக்கும் பிள்ளையை வளர்ப்பது என்ன கணக்கு என்பதைத்தான் இங்கே போட்டுப் பார்க்கிறேன். அவர் வீட்டு நோட்டை நான் பார்த்ததில்லை. கீழே வருவது இன்றைய விலையில், பொதுவான அளவில், நானே போட்டது.

முதலில் உழைப்பு. ஒரு நாள் பயிற்சியில் 80 தூக்கு, சராசரி 110 கிலோ என்று வையுங்கள். 8,800 கிலோ ஆகிறது. அனந்தபுரம் பேரூராட்சிப் பக்கத்தில் இதைக் கிலோவில் சொன்னால் யாருக்கும் உறைக்காது. அரசு நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ. அப்படியானால் 220 சிப்பம். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களிடம் சொல்லிப் பாருங்கள், ஒற்றை ஆளா என்றுதான் கேட்பார்கள். வருஷத்துக்கு 300 நாள் என்றால் 66,000 சிப்பம். கூலி கிடையாது.

அடுத்து சாப்பாடு. எடை கிலோவுக்கு 2 கிராம் வீதம் 77 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 154 கிராம் புரதம் வேண்டும். பத்து முட்டையில் 60, ஒரு லிட்டர் பாலில் 32, எலும்பில்லாத கோழி கால் கிலோவில் 55. இதுவே 147, மிச்சத்தைச் சோறும் பருப்பும் பார்த்துக்கொள்ளும். முட்டை 6 ரூபாய் வீதம் 60, பால் 40, கறி 75, ஆக நாளுக்கு 175 ரூபாய். வருஷத்துக்கு 63,875. பத்து வருஷத்துக்கு 6,38,750. இதில் ஷூ இல்லை, பஸ் கட்டணம் இல்லை, முதுகு பிடித்துக்கொண்டால் போகும் வைத்தியச் செலவும் இல்லை.

கிளாஸ்கோ தங்கத்துக்குத் தமிழக அரசு கொடுத்தது 50 லட்சம். பெரிய தொகைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் பதக்கம் வாங்கும் ஒரு பையனுக்குப் பின்னால் வாங்காத பிள்ளைகளும் அதே கம்பியைத்தான் தூக்குகிறார்கள். எட்டு வீடுகள் இப்படிப் பத்து வருஷம் முட்டையும் பாலும் வாங்கினால் செலவு 51,10,000. பரிசை விட ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கூடுதல்.

இன்னொரு கூத்து. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சதீஷ் தூக்கியது 148, 181, மொத்தம் 329. கிளாஸ்கோவை விட ஒரு கிலோ அதிகம்; கிடைத்தது பதினோராவது இடம். 2018 ஏப்ரலில் கோல்டு கோஸ்ட்டில் தொடை வலியோடு 144, 173, மொத்தம் 317. இங்கிலாந்தின் ஜாக் ஆலிவர் 312-ல் நின்றுவிட, மறுபடியும் தங்கம், மறுபடியும் 50 லட்சம். கிலோவுக்கு 15,773 ரூபாய். ரியோவின் 329-க்குப் பதக்கம் இல்லை. பரிசுப் பணம் எடையைப் பார்த்து வருவதில்லை. அன்றைக்கு எதிரே நின்றவர்களைப் பார்த்து வருகிறது. அதை நம்பி எந்த அப்பாவும் மாதச் செலவைத் திட்டமிட முடியாது.

அந்த 50 லட்சத்தை முன்கூட்டியே செலவழித்தால்? அனந்தபுரம் மாதிரி ஒரு பேரூராட்சியில் 15 பிள்ளைகளுக்கு ஐந்து வருஷச் சாப்பாடு 47,90,625 ரூபாய். மீதி 2,09,375, அது கம்பிக்கும் தட்டுக்கும் மேடைப் பலகைக்கும். சொல்லித்தர சிவலிங்கம் போல ராணுவத்திலிருந்து ஊர் திரும்பிய ஒருவர் வேண்டும். அவர் சம்பளத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.