ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை இருபுறமும் பற்றி நிற்கும் இரண்டு கால்களை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இந்த அமைப்பே ஃபோர்க் எனப்படுகிறது. அதன் மேற்பகுதி கண்ணாடி போல் மின்னும் எஃகுக் குழாய். கீழ்ப்பகுதி சற்றுப் பருத்த அலுமினிய உறை. இதை மெக்கானிக்குகள் 'பாட்டம்' என்பர். ஒரு நாள் அந்த மின்னும் குழாயின்மீது எண்ணெய் வளையம் ஒன்று தென்படுகிறது. துடைத்துவிட்டால் மறுநாள் மீண்டும் வருகிறது. "ஆயில் சீல் போய்விட்டது" என்று கூறிப் புதியது மாற்றுகிறார்கள். அதன் பின்னரும் சில வாரங்களில் கசிவு திரும்புவதுண்டு. ஏன்?

கசிவு தெரியும் இடம் சீல்தான். ஆனால் கசிவின் காரணம் வேறிடத்தில் இருக்கலாம். அதைக் கண்டறிந்தால், பல சமயங்களில் செலவின்றி வீட்டிலேயே குறையை நீக்கிவிடலாம்.

எண்ணெய் எதற்கு?

ஃபோர்க்கின் ஒவ்வொரு காலினுள்ளும் நீண்ட சுருள்வில் ஒன்றும் ஓரளவு எண்ணெயும் உள்ளன. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வில் அமுங்கி, அதிர்ச்சியின் ஆற்றலைத் தேக்கிக்கொள்கிறது. ஆனால் தேக்கியதை வில் அப்படியே திருப்பித் தந்துவிடும். வில் மட்டும் இருந்தால் வண்டி பலமுறை குதித்துக்கொண்டே செல்லும். இதைத் தணிப்பதே எண்ணெயின் வேலை. சிறு துளைகளின் வழியே பிதுங்கிச் செல்லும் எண்ணெய், தன் பாகுநிலை காரணமாக இயக்கத்தை எதிர்க்கிறது. அதிர்வின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. இவ்வாறு எண்ணெயால் அதிர்வு தணிக்கும் ஃபோர்க்கைத் தொழிற்சாலை உற்பத்தி வண்டிகளில் முதன்முதலாகப் பொருத்தியது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம். ஆண்டு 1935.

எண்ணெய் குறைந்தால் சக்கரம் சாலையைவிட்டுத் துள்ளும். உராய்வு விசை என்பது சக்கரம் சாலையை அழுத்தும் விசையைப் பொறுத்தது அன்றோ? துள்ளும் சக்கரத்திற்குப் பிடிப்பு இல்லை. பிரேக்கும் திருப்பமும் கைவிட்டுப்போகும். கசிந்த எண்ணெய் டிஸ்க் பிரேக்கின்மீது இறங்கினால் ஆபத்து இரட்டிப்பாகும். எனவே இக்கசிவைச் சிறு அழுக்கு என்று ஒதுக்கலாகாது.

உதடு செய்யும் வேலை

ஆயில் சீல் என்பது ஒரு ரப்பர் வளையம். அதன் உட்புறத்தில் மெல்லிய உதடு போன்ற விளிம்பு உண்டு. உதட்டைச் சுற்றியுள்ள நுண்ணிய சுருள்வில் அதைக் குழாயின்மீது சீராக அழுத்துகிறது. உதடு எண்ணெயை முற்றிலும் வழித்துவிடுவதில்லை. முற்றிலும் வழித்தால் உலர்ந்த ரப்பர் எஃகின்மீது உராய்ந்து விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே மிக மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றை அது விட்டுவைக்கிறது. அப்படலம் தலைமயிரின் தடிப்பைவிடப் பல மடங்கு மெல்லியது.

இப்போது ஒரு மணல் துகளை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குப் புலப்படாத துகள்கூட அப்படலத்தைவிடப் பருமனானது. உதட்டின் கீழ் அது சிக்கிக்கொண்டால், உதடு அவ்விடத்தில் சற்றே தூக்கி நிற்கும். அந்த இடைவெளியே எண்ணெயின் வழி.

காரணத்தைக் கண்டறிதல்

கசிவுக்குப் பொதுவாக மூன்று காரணங்கள் உண்டு. ஒன்று, உதட்டில் சிக்கிய மண். இரண்டு, குழாயின் குரோம் பூச்சில் விழுந்த துருக்குழி அல்லது கீறல். மூன்று, வயதாகி இறுகிப்போன ரப்பர்.

முதலில் குழாயைத் துடைத்து, விரல் நகத்தால் மேலும் கீழுமாக வருடிப் பாருங்கள். நகம் எங்கேனும் தடுக்கினால் அங்கே குழி உள்ளது. அது ஒவ்வொரு முறை சீலைக் கடக்கும்போதும் சிறு கரண்டிபோல் எண்ணெயை வெளியே அள்ளி வரும், ரப்பரையும் அறுக்கும். புதிய சீலும் விரைவில் கெடுவதன் இரகசியம் இதுவே. மேலோட்டமான துருவை 1000-ஆம் எண் அல்லது அதனினும் நுண்ணிய எமரித் தாளில் எண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்து நீக்கலாம். ஆழமான குழியாயின், அல்லது குழாய் வளைந்திருப்பின், குழாயையே கவனிக்க வேண்டும்.

மண்ணை எடுக்கும் முறை

குழாய் வழவழப்பாக இருந்தால் மண்ணைச் சந்தேகிக்கலாம். இதற்குத் தேவை ஒரு பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அதிலிருந்து மூன்று செ.மீ. அகலமுள்ள துண்டை வெட்டி, ஒரு பக்கத்தில் சிறு கொக்கி வடிவம் அமையுங்கள். முனைகள் மழுங்கலாக இருக்கட்டும்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். மேலேயுள்ள டஸ்ட் சீலை, துணி சுற்றிய திருப்புளியால் நெம்பி, குழாயில் மேலே ஏற்றிவிடுங்கள். ஃபிலிம் துண்டைக் குழாய்க்கும் ஆயில் சீலுக்கும் இடையே கீழ்நோக்கி மெதுவாகச் செலுத்தி, குழாயைச் சுற்றி நகர்த்தி வெளியே இழுங்கள். கொக்கியுடன் கரிய அழுக்கு வரும். ஃபிலிமைத் துடைத்துப் பலமுறை இவ்வாறு செய்யுங்கள். பிறகு டஸ்ட் சீலைப் பொருத்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து முறை ஃபோர்க்கை அமுக்கி, குழாயைத் துடையுங்கள். இரண்டு நாட்களுக்குப் பின் வளையம் தோன்றாவிட்டால் வேலை முடிந்தது.

சீலை மாற்றுவதாயின்

கசிவு தொடர்ந்தால் ரப்பர் இறுகிவிட்டது எனலாம். பழகிய கைகளே இதில் இறங்க வேண்டும். வண்டியின் முன்பகுதியை உறுதியாகத் தாங்கி நிறுத்துங்கள். கழற்றிய பிரேக் காலிப்பரைக் கயிற்றால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்க விடாதீர்கள். ஃபோர்க்கின் மேல்மூடியின் கீழ் அமுங்கிய வில் இருக்கிறது. கடைசிச் சுற்றில் மூடி துள்ளும். முகத்தை விலக்கி, கையால் அழுத்திக்கொண்டே கழற்றுங்கள். புதிய சீலின் நுண்வில் எண்ணெயை நோக்கிக் கீழ்ப்புறம் இருக்க வேண்டும். குழாயின் முனையில் பாலித்தீன் தாளைச் சுற்றி, எண்ணெய் தடவிச் சீலை நுழைத்தால் உதடு கிழியாது. அடியிலுள்ள செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள். இரு கால்களிலும் சேர்த்தே மாற்றுவது நல்லது.

அளவுக்கு மிஞ்சினால்...

"கசிகிறதே, சற்றுக் கூடுதலாக ஊற்றுவோம்" என்பது தவறான சிக்கனம். எண்ணெய்க்கு மேல் அடைபட்ட காற்றும் உள்ளது. ஃபோர்க் முழுதும் அமுங்கும்போது காற்றிடம் 150 மி.மீ. உயரம், ஃபோர்க் நகரும் தூரம் 120 மி.மீ. என்று கொள்வோம். எளிமைக்காகக் குழாயின் தடிப்பை விட்டுவிடலாம். நீண்ட நிலையில் 270 மி.மீ. இருந்த காற்று 150 ஆகிறது. பாயில் விதிப்படி அழுத்தம் 1.8 மடங்கு, வெளிக்காற்றைவிட 0.8 வளிமண்டலம் மிகுதி. காற்றிடத்தில் 100 மி.மீ. எண்ணெயால் நிரம்பிவிட்டால், 170 மி.மீ. காற்று 50 ஆகும். அழுத்தம் 3.4 மடங்கு, மிகுதி 2.4. சீலை வெளியே தள்ளும் அழுத்தம் மூன்று மடங்காகிவிட்டது! குழாயின் உள்விட்டம் 25 மி.மீ. ஆயின் இதற்குக் காரணமான எண்ணெய் ஏறத்தாழ 50 மி.லி. மட்டுமே. வேகமாக அமுங்கும்போது காற்று சூடேறுவதால் உண்மையான அழுத்தம் இன்னும் கூடும். வண்டியின் கையேடு கூறும் வகையையும் அளவையும் இரு கால்களிலும் சமமாக ஊற்றுங்கள்.

எண்ணெய் ஊறிய பிரேக் பேடுகளைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள், மாற்றிவிடுங்கள். வடித்த எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் பணிமனையில் ஒப்படையுங்கள். சேற்றுப் பாதையில் சென்று வந்த அன்றே குழாயை ஈரத்துணியால் துடைப்பது நல்ல பழக்கம். காய்ந்த மண் உதட்டின் கீழ் நுழையுமுன் அதைத் தடுக்க அரை நிமிடம் போதும்.