ஆடு கடித்த புளியங்கன்று

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கரட்டு நிலங்களில் நடந்து போகிறவர்கள் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம். ஒரு புளியஞ்செடி நிற்கும். உயரம் முழங்கால் அளவுதான். ஆனால் அடிமரமோ மணிக்கட்டுப் பருமன்! பட்டை வெடித்து, கணுக்கணுவாக முறுக்கிக்கொண்டு, தொண்டு கிழவரைப் போல் காட்சி தரும்.

இப்படிச் செய்தது யார்? வெள்ளாடு!

துளிர் விட்டால் ஆடு கடிக்கும். கடித்த இடத்துக்குக் கீழே இரண்டு துளிர் வரும். அதையும் கடிக்கும். செடி மேலே போக முடியாமல், அடியில் மட்டும் ஆண்டுதோறும் பருத்துக்கொண்டே வரும். இப்படிப் பல வருஷம் போனால் அது செடியும் அல்ல, மரமும் அல்ல. குள்ள மரம்!

இந்தக் குள்ள மரத்தைத்தான் ஜப்பானியர்கள் ‘போன்சாய்’ என்று தட்டில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். தட்டில் நட்டது என்பது அந்தச் சொல்லின் அர்த்தம். கலை பிறந்தது சீனாவில். புகழ் பெற்றது ஜப்பானில்.

நாற்றுப் பண்ணையில் வாங்கிய கன்றைத் தொட்டியில் வைத்தால் அது கன்றாகத்தான் இருக்கும். முகத்தில் வயது தெரியாது. வெயில், வறட்சி, பாறை, ஆடு ஆகிய நான்கோடும் மல்லுக்கட்டிய மரத்துக்குத்தான் அந்தக் காட்டுக் களை வரும். நம் இரண்டு மாவட்டங்களிலும் இந்த நான்குக்கும் பஞ்சம் இல்லை!

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல் பூமி. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. (சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் 18 மீட்டர் மரத்தைப் பார்க்காதவர்கள் ஒரு நடை போய் வரலாம். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது அது.) பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. இந்த வறண்ட மண்ணில் உசிலை, காரை, களா, சூரை எல்லாம் கல்லிடுக்கில் வேர் விட்டுக் கோணலும் மாணலுமாக வளருகின்றன.

வேலியோரம் வளரும் குரங்கு வெற்றிலைச் செடியைச் சிலர் அறிந்திருக்கலாம். சின்ன இலை, வெள்ளைப் பூ, சிவந்த பழம். அதே செடிக்குச் சீனாவின் ஃபூக்கியன் மாகாணத்தின் பெயரை வைத்து, ‘ஃபூக்கியன் டீ’ என்று வெளிநாட்டுக் கடைகளில் போன்சாயாக விற்கிறார்கள்! திருப்பராய்த்துறைக் கோயிலின் தலமரமான பராய் மரமும் அப்படித்தான். உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் இலை உடையது. தாய்லாந்தில் இதையே வெட்டி வெட்டிக் குள்ளமாக்கி அரண்மனைத் தோட்டங்களில் நிறுத்தியிருக்கிறார்கள்.

மண்வெட்டியைத் தூக்காதீர்கள்!

இதைப் படித்தவுடன் கரட்டுக்குப் போய்த் தோண்ட நினைக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

காப்புக் காட்டில் அனுமதி இல்லாமல் ஒரு செடியைத் தோண்டினாலும் குற்றம். காட்டிலாகா சும்மா விடாது. புறம்போக்கில் நிற்பது அரசாங்கத்துச் சொத்து. பட்டா நிலம் என்றால் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தோண்டிய கிழட்டு மரம் பெரும்பாலும் பிழைப்பதில்லை. கல்லில் வளர்ந்த மரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சும் சல்லிவேர் எங்கோ தூரத்தில் இருக்கும். நம் கையோடு வருவது மொட்டை வேர்தான்.

இதில் ஒரு பெரிய ஏமாற்றமும் உண்டு. தோண்டி நட்ட பத்தாம் நாள், இருபதாம் நாள், பச்சைப் பசேல் என்று துளிர் வரும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அந்தத் துளிர் வேர் கொடுத்த துளிர் அல்ல! அடிமரத்தில் சேர்த்து வைத்திருந்த உணவைச் செலவழித்து வந்தது. சேமிப்பு தீர்ந்ததும் துளிர் வாடும், மரம் செத்துப்போகும். நாற்பது வருஷம் ஆட்டிடமும் வெயிலிடமும் தப்பியது, நம்மிடம் மூன்றே மாதத்தில் முடிந்துவிடும்.

ஜப்பானில் என்ன நடந்தது என்று பாருங்கள். மலையிலிருந்து எடுத்து வரும் மரத்துக்கு அங்கே ‘யமதோரி’ என்று பெயர். இத்தோய்கவா என்ற ஊரின் மலைகளில், செங்குத்தான பாறைகளில், சூறைக்காற்றில் முறுகிய ஜூனிபர் மரங்கள் இருந்தன. விலை ஏறியதும், ஆட்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு போய்ப் பெயர்த்தார்கள். இன்று அந்த மலைகளில் அப்படிப்பட்ட மரத்தைக் காண்பதே அரிது. குச்சி வெட்டி நட்டு வளர்த்த அதன் சந்ததிகளே தோட்டங்களில் இருக்கின்றன.

மாடிச் சுவரில் ஓர் ஆலமரம்

அப்படியானால் காட்டுக் களையுள்ள மரத்துக்கு எங்கே போவது? மாடிக்குப் போங்கள்!

பழைய வீட்டுச் சுவர் வெடிப்பில், கிணற்று உறையில், தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் ஆல், அரசு, இச்சி முளைத்திருக்கும். பறவைகள் போட்ட விதை. சுவர் பாழாகிவிடும் என்று எப்படியும் அதைப் பிடுங்கித்தான் எறியப் போகிறோம். அதை எடுத்துக்கொண்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. மண்ணே இல்லாத இடத்தில் வளர்ந்ததால் ஏற்கெனவே குள்ளம்; வேரும் செங்கல்லைக் கட்டிப் பிடித்துத் தட்டையாக இருக்கும். வேறு எங்கே கிடைக்கும் அந்த அழகு?

இழுத்துப் பிடுங்கக் கூடாது. சிற்றுளியால் சுற்றிலும் காரையைத் தட்டி, வேரோடு எடுக்க வேண்டும். இலைகளைக் குறைத்து, ஈரச் சாக்கில் சுற்றி, அன்றைக்கே நட்டுவிட வேண்டும். ஆல் இனத்துக்கு உயிர் கெட்டி. வேர் கொஞ்சமாக வந்தாலும் தண்டிலிருந்தே புது வேர் விடும்.

நம் ஊர்க் கரிசல் மண் தொட்டிக்கு உதவாது. நனைந்தால் களி, காய்ந்தால் பாளம். சலித்த செங்கல் தூள், பொடிக்கல், கொஞ்சம் மக்கிய எரு போதும். முதல் சில வாரம் நிழல். ஒரு வருஷம் ஆட்டி அசைத்துப் பார்க்கக் கூடாது. உரமும் கூடாது.

நிலத்தில் நிற்கும் மரத்தைத்தான் எடுத்தாக வேண்டும் என்றால் (வீடு கட்டுவதற்கோ, கல் எடுப்பதற்கோ அந்த இடமே வெட்டப்படப் போகிறது என்று வைத்துக்கொள்வோம்) இரண்டு வருஷ வேலை. முதல் வருஷம் மழைக்கு முன் மரத்தின் ஒரு பாதியைச் சுற்றிப் பள்ளம் வெட்டி, வேரை அறுத்து, மணல் போட்டு மூட வேண்டும். மறு வருஷம் மறு பாதி. அறுத்த இடத்தில் சல்லிவேர் பிடித்த பிறகே மரத்தைத் தூக்க வேண்டும். அவகாசம் இல்லாவிட்டால் பிழைப்பது சந்தேகம்தான்.

“மரத்தை இப்படி வெட்டி வைப்பது பாவம் இல்லையா?” என்று தாய்மார்கள் கேட்பது உண்டு. வாஷிங்டன் நகரத்து அரசாங்கத் தோட்டத்தில் ஒரு பைன் மரம் இருக்கிறது. 1625 முதல் தொட்டியில் வாழ்வது! 1945 ஆகஸ்ட் 6-ந் தேதி ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது, குண்டு விழுந்த இடத்துக்குச் சுமார் 3 கிலோமீட்டரில், யமாகி என்பவர் வீட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று தப்பியது. 1976-ல் அதை அமெரிக்காவுக்கே நன்கொடையாகக் கொடுத்தார்கள். குண்டுக்குத் தப்பிய கதை, 2001-ல் அவருடைய பேரப்பிள்ளைகள் பார்க்க வந்தபோதுதான் அங்கிருப்பவர்களுக்குத் தெரிந்தது. தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் இருந்ததால் அது அத்தனை காலம் வாழ்ந்தது. ஊற்ற மறந்தால்தான் பாவம். கத்திரி வெயிலில் இரண்டு வேளை ஊற்ற வேண்டும்.

கையில் கத்தரிக்கோல் உள்ள ஆடு

மாடியிலும் மரம் இல்லாதவர்கள், ஆடு செய்த வேலையைத் தாங்களே செய்யலாம். சீனாவில் குவாங்டாங் பக்கத்தில் இதுதான் முறை. கம்பி கட்டி வளைப்பதைவிட, வளர விட்டு வெட்டுவது, மறுபடி வளர விட்டு வெட்டுவது.

கன்றை உடனே சின்னத் தட்டில் வைக்கக் கூடாது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். தண்டு பென்சில் போலவே நின்றுவிடுகிறது. முதலில் தரையில் நட்டு, இஷ்டம் போல் வளர விட வேண்டும். அடி பருத்ததும், ஒரு சாண் உயரத்தில் துணிந்து வெட்ட வேண்டும். பக்கத்தில் வரும் துளிர்களில் ஒன்றை மட்டும் தலைவனாக விட வேண்டும். அது பருத்ததும் மறுபடி வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் ஒரு வளைவு. மேலே போகப் போக ஒல்லி. ஆறேழு வருஷத்தில் தட்டுக்கு மாற்றலாம்.

புளியில் ஒரு சௌகரியம், விதைக்குக் காசு வேண்டாம். வீட்டில் புளி உடைக்கும்போது விழுகிற கொட்டையில் நாலைந்தை எடுத்து, ஒரு ராத்திரி ஊற வைத்து ஊன்றினால், இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். ஆடு மட்டும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!