வேர்முடிச்சுக் கிருமிகளும் யூரியாவும்

உளுந்தும் நிலக்கடலையும் பயிரிடும் குடியானவர்களிற் சிலர், ரைசோபியப் பொட்டலத்தை விதையுடன் கலந்து விதைத்துவிட்டு, பயிர் சற்று வெளிறக் கண்டதும் யூரியாவையும் தாராளமாகத் தூவுகின்றனர். இரண்டும் தழைச்சத்துத் தருவனவே, சேர்த்திட்டால் பலன் இரட்டிக்கும் என்பது அவர்கள் எண்ணம். கிருமிகளின் கணக்கோ வேறு. தழைச்சத்து அருகிலேயே கிடைக்குமாயின் அதனை உண்டாக்கும் வேலையை அவை நிறுத்திவிடும். கைப்பணம் கொடுத்து வாங்கிய இரண்டு பொருள்களுள் ஒன்று இவ்வாறு வீணாகின்றது.

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன் வாயு இருந்தும், பயிர் அதனை நேரே உண்ண இயலாது. உரத் தொழிற்சாலைகளில் 400 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும், காற்றழுத்தத்தைப் போல் நூறு மடங்குக்கும் அதிகமான அழுத்தமும் கொடுத்தே அதனை அமோனியாவாக மாற்றுகின்றனர். அதே காரியத்தைச் சில நுண்கிருமிகள் வயலின் சாதாரண வெப்பத்திலேயே முடிக்கின்றன. அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சில் இது நடைபெறுவதை ஜெர்மனியில் ஹெல்ரீகல் என்பவர் 1886-ல் வெளியிட்டார். முடிச்சிலுள்ள கிருமியை ஹாலந்து தேசத்துப் பெயரிங்க் 1888-ல் தனியே பிரித்தெடுத்தார்.

நைட்ரஜினேஸ் என்னும் நொதியே இவ்வேலையைச் செய்வது. அதற்காகும் செலவு மிகப் பெரிது. உயிர்களின் உடலில் சக்தியின் நாணயம்போல் வழங்குவது ஏ.டி.பி. என்னும் பொருள், ஒரு நைட்ரஜன் மூலக்கூறை மாற்றக் குறைந்தது 16 ஏ.டி.பி. செலவாகும். நொதியும் மெதுவாக வேலை செய்வதாகையால், கிருமி அதனை மிகுதியாக உண்டாக்கி வைத்துக்கொள்ளவேண்டும். போதாக்குறைக்கு, பிராணவாயு பட்டால் அது கெட்டுப்போகும். ஏரி மடை திறந்து நீர் பாயும்போது கிணற்றில் ஏற்றம் இறைப்பார் உண்டோ? கிருமியும் அவ்வாறே நடந்துகொள்கின்றது.

இதனை ஆள்வன ஜீன்கள் என்னும் மரபணுக்கள். கிளெப்சியெல்லா என்ற கிருமியில் இவ்வேலைக்குரிய ஏறக்குறைய 20 ஜீன்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவற்றிற்கு நிப் ஜீன்கள் என்று பெயர். 1972-ல் இங்கிலாந்தில் டிக்ஸன், போஸ்ட்கேட் என்னும் இருவர் இவற்றை வேறொரு கிருமிக்கு மாற்றவே, அதுவும் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கத் தொடங்கிற்று. நிப்-ஏ என்னும் ஜீன் தரும் புரதம் மற்ற ஜீன்களை வேலைக்கு ஏவும். அமோனியாவோ பிராணவாயுவோ மிகுந்தால், நிப்-எல் தரும் புரதம் அதனைப் பற்றிக்கொண்டு ஏவவிடாமல் தடுக்கும். அமோனியா நிறைந்துள்ளபோது நிப்-ஏ புரதம் உண்டாவதே நின்றுபோகும்.

நெல்லுக்கும் சோளத்திற்கும் இடும் அசோஸ்பைரில்லத்தில் வேறொரு பூட்டும் உண்டு. அமோனியா வந்த சில நிமிஷங்களில், முன்பே உண்டாகியிருக்கும் நொதியும் செயலற்றுப் போகும். அமோனியா தீர்ந்தபின் அது மறுபடி இயங்கும். எனினும் வேர் தழைக்க உதவும் பொருள்களையும் இக்கிருமி சுரப்பதால், யூரியா இட்ட வயலிலும் ஓரளவு பயன் தெரிவதுண்டு. அதைத் தழைச்சத்தின் பலனென்று எண்ணுவது தவறு.

வேர்முடிச்சின் வகை சற்று வேறு. அங்குள்ள ரைசோபியம் முக்கியமாய்ப் பிராணவாயுவின் அளவையே பார்க்கின்றது. வாயு குறைந்திருப்பதை அதன் புரதமொன்று உணர்ந்தபின்னரே நிப் ஜீன்கள் இயங்கும். முடிச்சினுள் வாயுவை மட்டாக வைத்திருப்பது, இரத்தத்திலுள்ளது போன்ற ஒரு சிவப்புப் பொருள். மண்ணில் உரச்சத்து மிகுந்தால் செடியே முடிச்சுகளைக் குறைத்து, அவற்றிற்குக் கொடுக்கும் சர்க்கரையையும் சுருக்கிவிடும்.

ஆயினும் பயறுக்கு யூரியாவே கூடாதென்பதில்லை. முடிச்சு உண்டாகி வேலை தொடங்க இரண்டு மூன்று வாரம் செல்லும். அதுவரை இளஞ்செடிக்குச் சிறிது சத்து வேண்டும். இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து, அதாவது ஏறக்குறைய 22 கிலோ யூரியா, அடியுரமாய்ப் போதும். மானாவாரிக்கு அதிற் பாதி. பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியிற் குழைத்து விதையிற் பூசி, நிழலில் உலர்த்தி விதைக்கவேண்டும். உரத்துடன் கலத்தல் ஆகாது.

மேலுரத்தைப் பற்றி யோசிக்குமுன், பூக்கும் தருணத்தில் ஐந்தாறு செடிகளை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்தெடுக்கவேண்டும். கையாற் பிடுங்கினால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். வேரைக் கழுவி, முடிச்சை நகத்தாற் கிள்ளிப் பார்த்தால் உட்புறம் சிவந்திருப்பது வேலை நடப்பதற்கு அடையாளம். அப்பயிருக்கு மேற்கொண்டு யூரியா வேண்டுவதில்லை. அப்படியிருந்தும் இலை மஞ்சளித்தால், வெள்ளை ஈயாற் பரவும் தேமல் நோயா, நீர் தேங்கியதா என்று பார்க்கவேண்டும். முடிச்சுகளின் உட்புறம் வெளுத்திருந்தால் கிருமி வேலை செய்யவில்லை. காய் முற்றும் பருவத்தில் மட்டும் சிவப்பு மாறிப் பச்சையாவது இயல்பே.