சிறுநீர் சொல்லும் சேதி!

'பிளாஸ்டிக் டப்பாவுல சூடா சாப்பிட்டா ஹார்மோன் கெட்டுப்போகுமாமே... அதை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாமா டாக்டர்?'

இப்போதெல்லாம் பல தாய்மார்கள் கேட்கும் கேள்வி இது. பார்க்கலாம். ஆனால், அதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பிஸ்பீனால்-ஏ என்ற ரசாயனத்தையே எடுத்துக்கொள்வோமே. பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக்கிலும், தகர உணவு டின்களின் உட்பூச்சிலும் இருக்கும். உடம்புக்குள் போனால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் மாதிரி வேஷம் கட்டும்! நல்லவேளை, நம் கல்லீரல் ஏமாறுவதில்லை. ஏறக்குறைய ஒரே நாளில் பெரும்பகுதியைச் சிறுநீரில் தள்ளிவிடுகிறது.

அமெரிக்காவில் 2003-04-ல் ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் சிறுநீரைச் சோதித்தபோது, நூற்றுக்கு 93 பேரிடம் இது இருந்தது. பயந்துவிடாதீர்கள். சிறுநீரில் இருப்பது வேறு, நோய் என்பது வேறு.

இதன் அளவு லிட்டருக்குச் சில மைக்ரோகிராம்தான். பழைய முறையில், டைகுளோரோமீத்தேன் போன்ற திரவத்தைச் சிறுநீரோடு சேர்த்துக் குலுக்கி இதைப் பிரித்தெடுப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் திரவம் நச்சுக் கழிவு! விஷத்தைத் தேடப்போய் விஷத்தைப் பெருக்குவதா?

1990-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜானுஸ் பாவ்லிஷின் ஒரு வழி காட்டினார். மேற்பூச்சு கொடுத்த மெல்லிய இழை ஒன்றை மாதிரியில் நனைத்தால், ரசாயனம் அதில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுக்கத் திரவமே தேவையில்லை. சில துளித் திரவத்திலேயே பிரிக்கும் முறைகளும் பிறகு வந்துவிட்டன.

'நம்ம சித்த மருத்துவத்துல நெய்க்குறி இருக்கே?' என்பீர்கள். இருக்கிறது. காலைச் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பாம்புபோல் நீள்கிறதா, மோதிரமாகிறதா, முத்தாக நிற்கிறதா என்று வாத, பித்த, கபத்தைப் பார்ப்போம். கழிவே இல்லாத சோதனைதான்! ஆனால், பிஸ்பீனாலை அது காட்டாது. சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்... காட்டும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

லேப் சோதனையும் நேற்று உள்ளே போனதைத்தான் சொல்லும். ஒரே ஒரு ரிசல்ட்டை வைத்துக்கொண்டு கவலைப்பட வேண்டாம். மாதிரி கொடுப்பதானால் லேப் தரும் பாத்திரத்திலேயே கொடுங்கள். வீட்டு பிளாஸ்டிக் டப்பாவே கணக்கைக் கெடுத்துவிடலாம்.

சோதனையைவிட சுலபமான வழி சமையலறையில் இருக்கிறது. சூடான சாம்பார், ரசம், பால் எல்லாம் எவர்சில்வருக்கு மாறட்டும். வெளியேற்றும் வேலையை உடம்பே செய்கிறது. மறுபடி உள்ளே அனுப்பாமல் இருப்பது மட்டும்தான் நம் வேலை!